மூக்கைக் கட்டிக்கொண்டு அள்ளிய மண்

புது பாக்டீரியா கண்டுபிடிக்கிற வேலையில் பாதி நேரம் பாத்திரம் கழுவுவதில் போகும். மீதி நேரம், கழுவினது போதுமா என்கிற சந்தேகத்தில் போகும். ஆய்வுக்கூடத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? சுனாமிக்கு அடுத்த வருஷம், காரைக்காலில் முனைவர் பட்டத்துக்காக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

கையுறை

பூவம் கிராமத்தில் கலியபெருமாள் அண்ணனின் வயலில் ஒரு மூலை மட்டும் உப்புப் பூத்துக் கிடந்தது. எனக்கு வேண்டிய மண் அதுதான். என் கைக் கிருமி அதில் கலந்துவிடக் கூடாதே என்று கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஏன் என்று யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கேட்டாள்:

"நாங்க வெறுங்கையோட நிக்கிறோம், இந்தப் பொண்ணு ஏன் மூக்கைக் கட்டிக்கிட்டு நிக்குது?"

மஞ்சள் புள்ளி

அந்த மண்ணைக் கரைத்துத் தடவிய ஆய்வுக்கூடத் தட்டில் மஞ்சளாக ஒரு புள்ளி வளர்ந்தது. டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினோம், இதுவரை பெயர் வைத்த எதனோடும் ஒத்துப்போகவில்லை என்று பதில் வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பஸ் பிடித்து பூவத்துக்கு ஓடினேன். டீக்கடையில் பத்துப் பேர் நடுவே, "உலகத்துல யாருமே பார்க்காத கிருமிண்ணே, உங்க வயல்ல இருக்கு! ஊர்ப் பேரையே வைக்கப்போறோம்!" என்றேன்.

கலியபெருமாள் அண்ணன் முகம் சுண்டிப்போனது. மருந்து இருக்கிறதா என்று கேட்டார். "புதுசுண்ணே, மருந்தெல்லாம் யாரு கண்டுபிடிச்சா!" என்று சிரித்தேன். அட மடச்சி!

"பிள்ளைங்க அந்தப் பக்கந்தான் விளையாடுதுங்க," என்றார்.

ஒரே குழாய்

புது இனம் என்று உலகம் ஒப்புக்கொள்ள, உயிரோடு இருக்கிற பாக்டீரியாவை இரண்டு நாட்டுச் சேமிப்பகங்களுக்கு அனுப்ப வேண்டும். நானோ ஒரே குழாயில் வைத்துவிட்டு, மாங்கனித் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்களோடு ஊர் சுற்றினேன். வேறு குழாய்க்கு மாற்ற வேண்டிய நாள் தாண்டிப்போய், எல்லாம் செத்துக் கிடந்தது. எங்கள் பேராசிரியை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அதே இடத்துல மறுபடி மண்ணெடுத்துட்டு வா. இல்லேன்னா உன் ஒரு வருஷம் போச்சு," என்றார்.

திரும்பவும் பூவம்

அந்த மூலை வெள்ளைவெளேரென்று இருந்தது. உப்பு என்று நினைத்துச் சந்தோஷமாகக் குனிந்தேன். நெடி மூக்கில் ஏறியது. பிளீச்சிங் பவுடர்! பக்கத்து வயல்களிலெல்லாம் நடவு முடிந்திருக்க, இவர் வயல் மட்டும் சும்மா கிடந்தது.

"கிருமி வயல்னு நடவுக்கு ஒரு ஆள் இறங்க மாட்டேன்னுட்டாங்கம்மா," என்றார் கலியபெருமாள் அண்ணன். "கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்ல கேட்டு வாங்கி மூணு தடவை தூவிட்டேன். இப்ப செத்திருக்கும்ல? நீங்க ஒரு வார்த்தை சொன்னா இறங்கிடுவாங்க."

மண்ணெடுக்கக் கொண்டுவந்த பையை வரப்பில் வைத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பெண்கள் பார்க்க வயலில் இறங்கினேன். வெறுங்கையால் சேற்றை அள்ளிக் காட்டி, அது யாரையும் ஒன்றும் செய்யாது, என் கை அழுக்கு படாமலிருக்கத்தான் அன்று கையுறை போட்டேன் என்றேன். முதல் நாள் கேட்ட அதே பெண் புடவையைச் சொருகிக்கொண்டு இறங்கினாள்.

"இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்னவாம்?"

நடவு நடந்தது, அந்த மூலை மண்ணை எத்தனை தட்டில் போட்டும் மஞ்சள் புள்ளி மட்டும் அப்புறம் வரவில்லை. உலகத்துக்கே புதுசான ஒன்றுக்குப் பெயர் வைக்கக் கிளம்பியவளுக்கு, அது கெட்டதில்லை என்று வயல்காரரிடம் ஒரு வரி சொல்லத் துப்பில்லாமல் போயிற்று.