அப்பா புதைத்த போத்தல்

சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு பழைய சாமான் கடை. பழுப்புப் போத்தல் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஈரமண் வாடை அடித்தது.

அன்று எனக்குப் பதினைந்து வயது. மறுநாள் எங்கள் வாடகை வீட்டை இடிக்க ஆள் வருவதாக இருந்தது. அம்மா மண்வெட்டியோடு கொல்லையில் இறங்கினாள்.

வெள்ளைக்காரப் பட்டாள உடுப்பில் எடுத்த தன் ஒரே படம் ஜப்பான்காரன் கண்ணில் பட்டால் தலை தப்பாது என்று, அப்பா அதைப் போத்தலில் போட்டுப் புதைத்திருந்தார். "நானே வந்து எடுக்குறேன்" என்று சொல்லிவிட்டுச் ஜப்பான்காரனின் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போனார். நான் அப்போது அம்மா வயிற்றில். அவரே வந்து எடுக்கட்டும் என்று இத்தனை வருஷமும் அம்மா அந்த மண்ணைத் தொடவில்லை.

தோண்டத் தோண்டச் சோடாப் போத்தலும் மருந்துப் போத்தலும்தான் வந்தன. "இங்கதாண்டி, இங்கதான்" என்று கொல்லை முழுக்கக் குழி பறித்தாள். உள்ளங்கை கிழிந்து மண்வெட்டிக் காம்பு ரத்தத்தில் வழுக்கியது. சாயங்காலம் அது கிடைத்தது. தக்கை உளுத்துத் தண்ணீர் இறங்கியிருந்தது. உள்ளே வெறும் வெள்ளை அட்டை.

அம்மா அதைப் புடவையில் ஒற்றி என் முகத்தருகே பிடித்தாள்.

"அப்படியே உன் மூக்கு. தெரியுதா?"

"தெரியுதும்மா."

"என்னம்மா, உள்ள ஏதாச்சும் தெரியுதா?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணுமே தெரியலப்பா" என்றேன்.