மெஷினில் மின்னிய இதயக் குறி

பிரஷர் பார்க்கும் மெஷினின் சின்னத் திரையில், எண்களுக்குப் பக்கத்தில் ஓர் இதயக் குறி விட்டுவிட்டு மின்னியது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, பேகம்பேட் கடைக்காரன் டூப்ளிகேட் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று. நான் ஐந்தாவதோடு நின்றவன். ஆனால் மௌலா அலியில் ஜெனரேட்டர் ஒர்க்‌ஷாப் போட்டு, படித்த இன்ஜினியர்களுக்கே சம்பளம் கொடுத்தவன். யாரையும் எதையும் சட்டென்று நம்பாததால்தான் இந்த உயரத்துக்கு வந்தேன். புது ஃபில்டரைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் மாட்ட விடமாட்டேன்.

அன்று மெஷின் கட்டியிருந்தது என் மனைவியின் அண்ணன் கையில். ரயில்வே குமாஸ்தாவாக ஓய்வு பெற்று லோத்குண்டாவில் இருந்தார். சர்ச் பாடகர் குழுவின் அடிக்குரல் அவர்தான். அந்த வருடக் கிறிஸ்துமஸ் ஒத்திகையில் நீண்ட வரிகளைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார ஆரம்பித்தார். நெஞ்சு வலி கிடையாது, படபடப்பு கிடையாது, வெறும் அசதி. கேட்டால் ஒரே பதில்தான்: "டாக்டரெல்லாம் நக்கோ மாப்ள, வேணாம். வயசு, அவ்வளவுதான்."

மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்குச் சண்டைக்குப் போனேன். கடைக்காரன் தன் கையில் கட்டினான், என் கையில் கட்டினான், டீ கொண்டு வந்தவனையும் விடவில்லை. யாருக்கும் குறி வரவில்லை. "மெஷின் டீக் ஹை சாப்," என்றான். திரும்பி வந்த என்னைப் பார்த்து, "கடைக்காரன் உயிரோட இருக்கானா மாப்ள?" என்று மச்சான் சிரித்தார். "மெஷின் ஒழுங்கா இருக்கு மச்சான். இனி சந்தேகம் உங்க மேலதான். வண்டியில ஏறுங்க," என்றேன்.

இசிஜி எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, துடிப்பு தாளம் தப்பும்போதுதான் மெஷினில் அந்தக் குறி வரும், இவருக்கு இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன என்றார். அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். சிலருக்குப் படபடக்குமாம், சிலருக்கு மூச்சு வாங்குமாம், தலை சுற்றுமாம். சிலருக்கு ஒன்றுமே தெரியாதாம். குடிக்காத மனுஷனுக்கு எப்படி வந்தது என்று மடக்கினேன். ரத்தக் கொதிப்பு, வால்வு கோளாறு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை என்று அடுக்கினார். கடைசியில் ரத்தத்தில் அகப்பட்டது தைராய்டு. அது பொம்பளை வியாதி அல்லவா! விடாமல் இன்னொரு லேபிலும் பார்த்தேன். அங்கேயும் அதேதான். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை, விற்பனைக்காக எழுதுகிறார்களோ என்று கேட்ட பிறகுதான் வாங்கினேன்.

அதன்பின் பல கிறிஸ்துமஸ் பாடினார். இப்போது அவர் இல்லை. ஆனால் பக்கவாதம் அவரைக் கடைசிவரை தொடவில்லை. என் சந்தேகத்தால்தான் என்று இன்றும் சொல்வேன்.

இன்று காலை அதே மெஷினை என் கையில் கட்டினேன். குறி மின்னியது. பேட்டரி மாற்றினேன், மின்னியது. மனைவி கையில் கட்டினேன், இல்லை. எனக்கு அசதியில்லை, படபடப்பில்லை, மாடிப்படி ஏறி இறங்குகிறேன். "என்னங்க, டாக்டர்கிட்ட போவோமா?" என்றாள். "நக்கோ, வயசு" என்று வாய்வரை வந்தது. யாருடைய பேச்சு அது என்று எனக்குத் தெரியாதா? செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ கூப்பிடச் சொன்னேன்.