புளித்த மண்ணில் புதினா

வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே, ஒரு துண்டு செம்மண் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் புதினா போட்டேன். தாவரவியல் படித்துவிட்டுச் சும்மா உட்கார முடியவில்லை. கோடைக்குள் புதினா தேறாவிட்டால் அரியலூருக்கே திரும்பிவிட வேண்டும் என்று அப்பாவோடு பேச்சு.

அரியலூரில் பிறந்தவர்களுக்கு மண் என்றாலே சுண்ணாம்புதான். வெந்நீர் வைத்த பாத்திரத்தில்கூட வெள்ளை படியும். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து, வந்ததும் வராததுமாக, சுண்ணாம்புக் காரத்தை முறிக்கிறேன் என்று கந்தகத் தூளை அள்ளிப் போட்டேன். ஏன் என்று கேட்க ஆளில்லை.

மழை பிடித்ததும் தண்டுகள் தரையோடு கறுத்து அழுகின. இழுத்தால் கையோடு வந்தன. அடியில் பஞ்சு நூல்போலப் பூஞ்சை, இடையிடையே கடுகு மாதிரி உருண்டைகள். மருந்து ஊற்றினேன். அழுகல் நின்றது, திரும்ப வந்தது. தப்பிய செடிகளும் மஞ்சளடித்துக் குட்டையாகவே இருந்தன. மோட்டார் ரூமில் உட்கார்ந்து கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவுக்குப் படம் அனுப்புவேன். யாராவது ஒருத்தி கட்டைவிரலைக் காட்டுவாள். அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் மண்ணைக் கரைத்து, தெளிந்த நீரில் அமிலம் பார்க்கும் தாளை முக்கினேன். நீலம் வரும் என்று காத்திருந்தால் ஆரஞ்சு வந்தது. இன்னொரு தாள். அதுவும் ஆரஞ்சு. அமில மண்! அந்தப் பூஞ்சைக்கு அதுதான் பிடிக்கும், புதினா வேருக்கு ஆகாது. கந்தகம் போட்டு நானே இன்னும் புளிக்க வைத்திருக்கிறேன். காரணம் கிடைத்த சந்தோஷத்தில் குதித்தேன். பார்க்க முந்திரி மரங்கள்தான் இருந்தன.

அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"சுண்ணாம்புத்தூள் ஒரு மூட்டை பஸ்ல போட்டு விடுங்கப்பா."

"அரியலூர்க்காரிக்குச் சுண்ணாம்பு பத்தலையா?" என்று சிரித்தார்.

"இது வேற மண்ணுப்பா. புளிச்ச மண்ணு."

"ஒனக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருச்சு."

மூட்டை மட்டும் வந்து சேர்ந்தது.

அழுகியதைப் பிடுங்கி எரித்தேன். பாதிப் பாத்திகளில் சுண்ணாம்பைக் கலந்து, நனைத்து, ஆறவிட்டு, வரப்போரம் தப்பியிருந்த தண்டுகளை நட்டேன். அங்கேயும் ஒன்றிரண்டு அழுகத்தான் செய்தன. மற்றவை பச்சையாக, அகல இலையோடு படர்ந்தன. கோடை மழைக்கும் தாங்கின.

"புதினா தேறிடுச்சுப்பா," என்று போனில் சொன்னேன்.

"அப்ப நீ வூட்டுக்கு வரல."

"வரலப்பா."

"ஒன் கட்டிலைச் சித்தி கேக்குறா. குடுத்துடவா?"

"குடுத்துடுங்க."

வீட்டுக்கு வா என்று அவர் ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டாலும் போயிருக்கமாட்டேன். மிச்சப் பாத்திகளைக் கொத்த மண்வெட்டியை எடுத்தேன்.