ரெண்டு வாரத்துக்கு வந்த கிருஷ்ணன்

குடும்பத் தலைவி: ருக்மணி. வயது அறுபத்தாறு. விதவை. வீட்டில் வசிப்போர்: ஒருவர்.

2007 கணக்கெடுப்புத் தாள் இப்படித்தான் சொல்கிறது. "நாப்பத்தொண்ணுன்னு எளுதுப்பா" என்று ருக்மணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கணக்கெடுக்க வந்தவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஃபிஜியின் நமாகாவில், விமான நிலையத்துக்குத் திரும்பும் முனையில் அவளுடைய தகர வீடு. 1987இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஊரைவிட்டுக் கிளம்பிய ஜான்கி, டாக்ஸியை அங்கே நிறுத்தினாள். பெட்டியில் இடமில்லை, போட்டுவிட்டுப் போக மனமில்லை. தன் வீட்டுப் பித்தளைக் கிருஷ்ணனை ருக்மணியின் மடியில் இறக்கினாள். "ரெண்டு வாரந்தான் ருக்கு, வந்து தூக்கிக்கறேன்." ஆக்லாந்து போனவள் போனவள்தான். 2000இல் மறுபடி துப்பாக்கி தூக்கினார்கள். மறுபடி டாக்ஸிகள் அவள் வாசலில் நின்று சாமிகளை இறக்கிவிட்டுப் போயின. இப்போது நாற்பது சாமிகள்.

ருக்மணிக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது. யார் வீட்டுச் சாமிக்கு என்ன பழக்கம் என்பது தெரியும். நடபுவா வாத்தியார் வீட்டுப் பிள்ளையாருக்குக் க்ரீம் பிஸ்கட். ட்ரெகேட்டியிலிருந்து வந்த முருகனுக்கு ரேடியோவில் ரக்பி. ஃபிஜி தோற்ற நாளில் அவருக்குச் சோறு இறங்காது என்று தட்டே வைப்பதில்லை. கிருஷ்ணனுக்கு மூன்று கரண்டி சீனி போட்ட சாய்.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த குருக்கள் கோபாலகிருஷ்ணன், தேநீரெல்லாம் நைவேத்தியம் ஆகாது என்றார்.

"நா என்ன பண்ணட்டும் சாமி? ஜான்கி பளக்கி வுட்டுட்டுப் போய்ட்டா. குடுக்கலேன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறான்."

கணக்கெடுப்பு முடிந்த மறுவாரம் ஜான்கியின் மகள் ஷலேஷ்னி வந்து நின்றாள். ஆறு வயதில் போனவள். தமிழ் பாதிதான் மிச்சம்.

"ஆன்ட்டி, அம்மா இனிமே எந்திரிக்காது. டாக்டர் ஒரு வாரம் சொல்றான். கிருஷ்ணா பாக்கணும்னு அளுவுது. இன்னிக்கே பிளைட்."

"ரெண்டு வாரம்னு சொன்னா ஒங்கம்மா. இருவது வருசம் வளத்தது நானு. இப்ப வந்து புள்ளையக் கேட்டா?"

ருக்மணி சாமி அலமாரியில் இருந்த கிருஷ்ணன் பக்கம் திரும்பினாள்.

"நீ என்னடா சொல்ற?"

அவன் வெண்ணெயும் கையுமாக, எப்போதும்போலச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சிரிக்கறான் பாரு, துரோகி."

குளிப்பாட்டினாள். துண்டில் சுற்றினாள். "பெட்டில போட்டுடாத, மூச்சு முட்டும். மடிலயே வெச்சுக்க" என்று கொடுத்தாள்.

விமானம் கூரைக்கு மேலே இரைந்து கடந்ததும் ஆக்லாந்துக்குப் போன் போட்டாள். மூன்று மணி நேரத்தில் பிள்ளை வந்துவிடுவான், படுத்தது போதும், எழுந்து சாய் போட்டு வை என்று ஜான்கியிடம் சொன்னாள்.