இடது காதில் கேட்ட பாட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் கட்டுக்கதை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நடந்தது எனக்கு. பக்கத்தில் நின்றவன் என் கூடப்பிறந்த தம்பி.

முதலில் என் காதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலு வயதில் வந்த காய்ச்சலில் எனக்கு இடது காது போய்விட்டது. சுத்தமாக. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அதேதான். என் வீட்டுக்காரருக்கு என்னைத் திட்டத் தோன்றினால் இடது பக்கமாக வந்து உட்கார்ந்துகொள்வார்.

தம்பி டிரம்ஸ் வாசிப்பவன். பாட்டுக்கும் கூத்துக்கும் பேர்போன ஒரு நகரத்தில், ஒரு கிளப்பில் அவனுக்கு வேலை கிடைத்தது. அவனுடைய முதல் நிகழ்ச்சிக்கு நான்தான் போனேன். அப்படி ஒரு ஊரை நான் அதுவரை பார்த்ததே இல்லை. ராத்திரியா பகலா என்றே தெரியவில்லை. வாசலுக்கு வாசல் ஒரு பாட்டு. முன்பின் தெரியாதவர்கள் நடுத்தெருவில் கைகோத்து ஆடுகிறார்கள். தம்பி வாசிக்கும்போது கூட்டம் போட்ட கூச்சலில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

நிகழ்ச்சி முடிந்து அவன் அறைக்கு நடந்தோம். மணி இரண்டே கால். குறுக்கு வழி என்று ஒரு சந்துக்குள் கூட்டிப்போனான். வலது பக்கம் கடைகளின் பின்சுவர். இடது பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு உயரமான கட்டடம். பாதிச் சந்து தாண்டியதும் தெருச் சத்தமெல்லாம் அடங்கிப்போனது.

அப்போதுதான் அந்தப் பாட்டு கேட்டது.

ஒரு பெண் குரல். வாத்தியம் எதுவும் இல்லை. மெதுவாக, பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி...

"யாருடா இந்நேரத்துல பாடுறது?"

"பாட்டா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். பிறகுதான் எனக்கே உறைத்தது. ஒற்றைக் காதுக்காரிக்குச் சத்தம் வரும் திசை தெரியாது. எனக்கும் தெரிந்ததில்லை. ஆனால் இது இடது பக்கம் என்று துல்லியமாகத் தெரிந்தது.

வலது காதைப் பொத்தினேன். பாட்டு நிற்கவில்லை.

இடது காதைப் பொத்தினேன்.

நின்றுவிட்டது.

கையை எடுத்தேன்... மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை இன்னும் பக்கத்தில்.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். முப்பது வருஷமாகச் செத்துக் கிடந்த காது அது. என்னை அறியாமல் போய்ச் சுவரில் காதை வைத்தேன். ஈரமாக, சில்லென்று இருந்தது.

பாட்டு நின்றது.

மூச்சுச் சத்தம்...

சுவருக்குள் இருந்து அல்ல. சுவருக்கும் என் காதுக்கும் நடுவில்.

"பாப்பு..."

வீட்டில் என்னைக் கூப்பிடும் பெயர்.

"அக்கா! வா!"

தம்பி என் தோளைப் பிடித்து இழுத்தான். ஓடினோம். சுவரில் நான் காதை வைத்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆனால் அறைக்குள் போய்ப் பார்த்தால் மணி மூன்றரை.

காலையில் முதல் பஸ்ஸில் ஊர் திரும்பிவிட்டேன். காது பழையபடி ஆகிவிட்டது. டாக்டரிடம் காட்டினேன். "நரம்பே செத்துப்போச்சும்மா. அதுல எதுவும் கேக்க வாய்ப்பே இல்ல," என்றார்.

தம்பி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான். இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவான். போன மாதம் விடாப்பிடியாகக் கேட்டேன்.

"நீ அங்க சும்மா நிக்கலக்கா. சுவர்கிட்ட பேசிட்டே இருந்த. ஒரு மணி நேரம். எவ்வளவு இழுத்தும் உன்னை அசைக்க முடியல."

"என்னடா பேசினேன்?"

"'கூட்டிட்டு வர்றேன், அவன் தூங்கட்டும்'னு. அதையே திரும்பத் திரும்பச் சொன்ன."

நான் இடது காதைக் கையால் பொத்திக்கொண்டேன். அவன் நிறுத்தவில்லை.

"அன்னிக்கு ரூமுக்கு வந்தப்புறமும் நான் கண்ணை மூடவே இல்ல. விடியப்போற நேரம் நீ எழுந்து வந்த. குனிஞ்சு, உன் இடது காதை என் மூக்குகிட்ட வச்சு, மூச்சைக் கேட்ட. உன் கண்ணு மூடித்தான் இருந்துச்சு..."

"அப்புறம்?"

"'இன்னும் தூங்கல'ன்னு யார்கிட்டயோ சொல்லிட்டு, போய்ப் படுத்துக்கிட்ட."