பிரேக் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னார்

கணவர் இறந்து பதினொரு மாதம் கழித்து ஜீப்பை விற்றுவிடுவது என்று முடிவெடுத்தேன்.

கண்டிக்குப் பக்கத்தில், அம்பிட்டியவில், எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. கேற்றைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். கரும்பச்சை நிறம், பெட்டி போன்ற உடம்பு, பின்கதவில் மாட்டிய உதிரிச் சில்லு. எங்கள் பக்கத்தில் இந்த உருவத்தில் எது ஓடினாலும் ஜீப் என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அது ஜப்பானில் செய்து, அங்கே யாரோ சில வருடங்கள் ஓட்டி, பிறகு கப்பலில் இங்கே வந்து சேர்ந்த வண்டி. அந்த வகையைச் செய்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. அதனாலேயே அதைத் தேடித் திரிந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அவர் நில அளவையாளர். உத்தியோக காலம் முழுக்க அரசாங்க ஜீப்பில் மலை மலையாக ஏறி இறங்கியவர். ஓய்வு பெற்றதும் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டு இதை வாங்கினார். நான் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், வேலை பார்த்தவள். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் யாழ்ப்பாணம். வேலைக்காக வந்தோம், கண்டியிலேயே தங்கிவிட்டோம். ஒரே மகள் கனடாவில் இருக்கிறாள்.

அவர் இறப்பதற்கு ஏறக்குறைய ஒன்றரை வருடத்துக்கு முன், ஒரு நாள் காலை, பல்வைத்தியரிடம் போவதற்காக டவுனுக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். ஒன்றன்பின் ஒன்றாக வளைவுகள். திடீரென்று எச்சரிக்கை மணி போல ஏதோ கீச்சிட்டது. அவர் இடது பக்கம் ஒடித்தார். வண்டி ஒரு வீட்டு மதிலை உராய்ந்து உடைத்துக்கொண்டே போய், கல்லில் முட்டி நின்றது. நான் இருந்த பக்கம்தான் மோதியது. என் முழங்கால் வீங்கிவிட்டது. அவருக்கு நெற்றியில் சின்னக் காயம்.

"பிரேக் பிடிக்கேல்லையப்பா," என்றார். "மிதிச்சன், கல்லு மாதிரி நிண்டது."

"அதுக்காக மதிலிலையே கொண்டுபோய் இடிக்கிறது?"

"கீழ பஸ் ஹோல்ட்டில பிள்ளையள் நிண்டதுகள். தெரிஞ்சுதான் திருப்பினன்."

ஜீப்பை இழுத்துக்கொண்டு போய் டவுனில் ஒரு கராஜில் விட்டோம். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். பிரேக்கில் ஒரு பிழையும் இல்லை என்றார்கள். முதலாளி தானே ஓட்டிக் காட்டினார். தொட்டதும் நின்றது. வாழ்நாள் முழுக்கக் கோப்புகளோடு இருந்தவள் நான். அறிக்கை ஒன்று சொன்னால் அதுதான் எனக்கு உண்மை. அந்தக் கராஜ் ஆட்களுக்கு முன்னாலேயே அவரிடம் சொன்னேன்:

"உங்களுக்கு வயசு போட்டுது. கால் மாறி மிதிச்சிருப்பியள்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. வீட்டுக்கு வந்து வண்டித் திறப்பை ஆணியில் மாட்டினார். அதன் பிறகு அவர் அந்த ஜீப்பை வீதிக்கு எடுக்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எஞ்சினைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவார். டவுனுக்குப் போவதென்றால் இருவரும் பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் அவர் முன் சீட்டுகளைத் தவிர்த்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பிறகு ஒரு மாரடைப்பில் போய்விட்டார்.

ஜீப்பைப் பார்க்க வந்தவர் கட்டுகஸ்தோட்டையில் கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் மனிதர். ஐம்பது வயதிருக்கும். பழைய வண்டிகளைத் திருத்தி விற்பவர். எஞ்சின் மூடியைத் திறந்து, கீழே படுத்துப் பார்த்து, சேசிஸ் நம்பரை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் அழைத்தார்.

"மேடம், ஒரு விசயம் செல்லணும். இந்த வண்டிக்கு ரீகோல் ஒண்டு ஈக்கி."

"அது என்ன?"

"கம்பனியே பிழை ஈக்கிண்டு செல்லி வண்டியத் திருப்பிக் கூப்பிடுற. பிரேக்குக்குப் பலம் குடுக்க சின்ன மோட்டர் ஒண்டு ஈக்கி. நீட்டுக்குப் பள்ளத்தில எறங்கினா சிலநேரம் அது சூடாகி நிண்டு போகும். அப்ப பெடல மிதிச்சா கல்லு மாதிரி நிக்கும். ஆறினா திரும்ப நல்லா வேல செய்யும். கராஜ்ல வெச்சுப் பாத்தா ஒண்டும் தெரியாது."

அந்த விபத்தைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. ஜீப்பில் மதில் உராய்ந்த இடம்கூட எப்போதோ நிறம் பூசியாகிவிட்டது. குசினிக் கதிரையில் உட்கார்ந்துகொண்டேன். "மேடம், லைன்ல ஈக்கிறீங்களா?" என்று அவர் இரண்டு தரம் கேட்டது காதில் விழுந்தது.

அறிவித்தல் பல வருடங்களுக்கு முன்பே அனுப்பப்பட்டிருந்தது, ஜப்பானில் இருந்த முதல் உரிமையாளருக்கு. அந்த நேரம் வண்டி எங்கள் முற்றத்தில் நின்றது.

இந்த வண்டிக்காரர்கள் உலகம் முழுவதிலுமிருந்து எழுதும் இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது. கராஜ்காரர்தான் அதை அனுப்பிவைத்தார். முறைப்பாடுகளுக்கென்று தனி இடம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மழை பிடிக்கும் நேரத்தில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். துரு, எண்ணெய் ஒழுக்கு, திறக்காத கதவு என்று ஆயிரம் சில்லறைக் குறைகள். அவற்றுக்கு நடுவில் பிரேக். ஆடு வளர்க்கும் ஒருவர் ஆற்றங்கரைச் சரிவில் மரத்தில் மோதியதை எழுதியிருந்தார். ஒரு தாதி, பின்னால் குழந்தை இருந்தது என்று மட்டும் எழுதி நிறுத்தியிருந்தாள். ஒரு கிழவர் எழுதியிருந்தார்: பிரேக் பிடிக்கவில்லை என்றேன், மகன் நம்பவில்லை, திறப்பை வாங்கி வைத்துக்கொண்டான். அதற்கு மேல் அன்று வாசிக்க முடியவில்லை.

ஆனால் அடுத்த நாளும் வாசித்தேன். அதற்கடுத்த நாளும். வீட்டில் பேச ஆளில்லாத எனக்கு அந்த மனிதர்கள் பழகியவர்கள் போல ஆனார்கள். நான் ஒருத்தி இங்கே இருந்து வாசிக்கிறேன் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

வண்டி செய்த நிறுவனத்தின் கொழும்பு முகவருக்கு அழைத்தேன். அது தாங்கள் இறக்கிய வண்டியில்லை, வெளியாள் கொண்டுவந்தது, அதனால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். நான் நேரே ஜப்பானுக்கு எழுதினேன். கடிதம் எழுதுவது எனக்குத் தெரிந்த வேலை. பந்திகளுக்கு இலக்கமிட்டு, சேசிஸ் நம்பரைக் கோடிட்டு, பதிவுப் புத்தகத்தின் பிரதியையும் இணைத்தேன். ஏழு கிழமை கழித்துப் பதில் வந்தது. முகவருக்கு மோட்டரை அனுப்புகிறோம், இலவசமாக மாற்றித் தருவார்கள், இணைத்துள்ள படிவத்தை நிரப்பவும்.

படிவத்தில் பாதிக் கேள்விகளுக்கு யோசிக்காமல் பதில் எழுதினேன். பிறகு ஒரு கேள்வி வந்தது: ஓட்டுநர் இந்தக் குறையை அப்போது எவருக்காவது தெரிவித்தாரா?

ஆம் என்று எழுதினேன்.

யாருக்கு? மனைவிக்கு.

எடுக்கப்பட்ட நடவடிக்கை? அந்தக் கட்டம் பெரியது, நாலைந்து வரி எழுதலாம். எதுவுமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மோட்டர் மாற்றிய பிறகு கராஜ்காரர் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். என்னையும் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கச் சொன்னேன். மதிலுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னேன். மதில் உடைந்த இடத்தில் புதுக் கல் வைத்துக் கட்டியிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அவர் இறங்கி, வளைவு வரை நடந்துபோய், பஸ் ஹோல்ட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இதுல வேற வழியில்ல மேடம். சேர் எவ்வளவு கெதியா யோசிச்சீக்கிறார் பாருங்க."

"நான் அவரை நம்பேல்லை," என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "வாங்க மேடம், மழ வரப் போகுது," என்றார்.

அன்று மாலை மகளுக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே காலை, வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா எனக்கு அப்பவே சொன்னவர்."

"என்ன சொன்னவர்?"

"பிரேக்தான் எண்டு. பிள்ளையள் நிண்டது எண்டு."

"நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல வேண்டாமெண்டவர். அம்மா நல்லாப் பயந்துபோனா, அதுதான் கோவப்படுறா, விடு எண்டவர்."

அவள் அழுதாள். நான் அழவில்லை. வேலைக்குப் பிந்துகிறது, போ என்று சொன்னேன். அவர் என்னை மன்னித்திருந்தார் என்பதல்ல என்னை உலுக்கியது. அதே வீட்டில், அதே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, மனதிலிருந்ததைச் சொல்ல அவருக்குக் கனடா வரைக்கும் போக வேண்டியிருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பக்கத்தில் ஆள் இருக்கும்போதே அவர் எவ்வளவு தனியாக இருந்திருப்பார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

"இனியும் விக்கிறீங்களா?" என்று கராஜ்காரர் கேட்டார். ஓம் என்றேன். எனக்கு ஓட்டத் தெரியாது. ஓடாத வண்டியை முற்றத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது என் கணவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மோட்டர் மாற்றிய பத்திரத்தை முன் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தேன்.

ஒரு கிழமை கழித்து கராஜ்காரர் அழைத்து, தன்னிடமிருந்து வாங்கியவர் நுவரெலியா வரை போய் வந்தார், பிரேக் நன்றாகப் பிடிக்கிறதாம் என்று சொன்னார். நல்லது என்றேன். வேறென்ன மேடம் என்றார். வேறொன்றுமில்லை என்றேன். அவர் வைத்த பிறகும் ஃபோனைக் காதில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.