நான் இருதய நிபுணரான கதை

டாக்டர் தொழிலில் நோயாளி திட்டினால் சமாளித்துவிடலாம், பாராட்டினால்தான் ஆபத்து. கிளினிக் வைத்துக் காலம் தள்ளும் சக டாக்டர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

ஆளுயரச் சிரிப்பு

என் கிளினிக் திருக்கழுக்குன்றத்தில். நான் வெறும் எம்.பி.பி.எஸ். கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டும் டேவிட், நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்த அப்பாவைத் தூக்கிவந்தான். ஒரு மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லி, 108-ஐ வரவழைத்துச் செங்கல்பட்டுக்கு அனுப்பினேன். அவ்வளவுதான் நான் செய்தது. பிழைக்க வைத்தது அங்கிருந்த பெரிய ஆஸ்பத்திரி.

அடுத்த மாதம் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு ஃபிளெக்ஸ் பேனர். என் வாட்ஸ்அப் படத்திலிருந்த பட்டுப்புடவையோடு ஆளுயரத்துக்கு நான் சிரிக்கிறேன். கீழே, ‘எங்கள் அப்பாவை மீட்ட இருதய நிபுணர்!’ டாக்டர் விளம்பரம் செய்வதே தப்பு. படிக்காத படிப்பைப் போட்டுக்கொள்வது அதைவிடப் பெரிய தப்பு. உடனே கழற்றச் சொன்னேன். டேவிட் தலையை ஆட்டிக்கொண்டே சிரித்தான்.

“இன்னா டாக்டரம்மா, கூச்சப்பட்டுகினு கீறீங்க! அடுத்த வாட்டி இன்னும் பெர்சா போட்டுர்லாம்!”

பதிவுத் தபால்

யாரோ அதைப் படம் பிடித்து மெடிக்கல் கவுன்சிலுக்கு அனுப்பிவிட்டார்கள். நோட்டீஸ் வந்தது. பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் ஒரு பாராசிட்டமால்கூட நான் எழுதித் தர முடியாது. இந்தப் படிப்பை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. பயத்தில் சோறு இறங்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் நோயாளியின் துடிப்பா, என்னுடையதா என்றே தெரியவில்லை.

செங்கல்பட்டில் இருக்கும் என் சீனியருக்குப் போன் போட்டு அழுதேன். பொறுமையாகக் கேட்டார்.

“ஒண்ணும் ஆகாதும்மா, தைரியமா இரு. எதுக்கும் உன் பேஷண்டுங்களை இப்பவே என்கிட்ட அனுப்பி வை.”

சாட்சி

பேனரை நான் வைக்கச் சொல்லவில்லை என்று சொல்ல டேவிட்டையும் அவன் அப்பாவையும் சென்னையில் நடந்த கவுன்சில் விசாரணைக்கு அழைத்துப் போனேன். “தயவுசெய்து என்னைப் புகழாதே” என்று வழியெல்லாம் கெஞ்சினேன். தலையாட்டினான். பேனரைக் கழற்றச் சொன்னபோதும் இப்படித்தான் ஆட்டினான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து சீனியர் டாக்டர்கள். தலைவர் டேவிட்டைக் கேட்டார், “இவங்க இருதய நிபுணர்னு உங்களுக்கு யார் சொன்னது?” அவன் பக்கத்தில் இருந்த தன் அப்பாவைக் காட்டினான். போச்சு, இன்றோடு என் டாக்டர் உத்தியோகம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“நைனாவுக்கு நெஞ்சுவலி. இவங்க பாத்தாங்க. இப்ப உங்க எதிர்ல குந்திகினு கீறாரு. அப்ப இவங்க இன்னா சார், பல்லு டாக்டரா?”

தீர்ப்பு

யாரும் சிரிக்கவில்லை. “பேனர் வைக்கச் சொன்னது யார்?” என்றார் தலைவர். “யாரும் சொல்லல சார். இவங்க கழட்டத்தான் சொன்னாங்க. பெரிய மனுசங்க சும்மா அப்படித்தான் சொல்வாங்கன்னு நான் வுட்டுட்டேன்” என்றான். ஐந்து பேரும் குனிந்து ஏதோ பேசிக்கொண்டார்கள். டேவிட்டின் அப்பா தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

எச்சரிக்கையோடு விட்டார்கள். பதிவேட்டில் என் பெயர் தப்பித்தது. அழுகையை அடக்கிக்கொண்டு எழுந்தேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“டாக்டர், அடுத்த தடவை உயிரைக் காப்பாத்தினா, கையோட உங்க போட்டோவையும் காப்பாத்திக்குங்க.”

இப்போதெல்லாம் குணமான நோயாளி கையெடுத்துக் கும்பிட்டால், ‘இதை வெளியில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்’ என்று நான் பதிலுக்குக் கும்பிடுகிறேன்.